டைரக்டருக்கு 1,10,000, களப்பணியாளருக்கு 12,500: எங்கள் டிரஸ்டில் சம்பளத்தை எப்படித் தீர்மானிப்பது?

மலையடிவாரம்:
வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திண்டுக்கல் பக்கம் ஒரு தொண்டு டிரஸ்ட். பெயர் வேண்டாம். நான் அதன் ஐந்து டிரஸ்டிகளில் ஒருவன், அரசுக் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன், டிரஸ்டில் சம்பளம் வாங்காதவன். 1991இல் இதை ஆரம்பித்தவர்தான் இன்றுவரை எல்லாவற்றையும் நடத்துகிறார். 68 வயதாகிவிட்டது, வரும் மார்ச்சோடு போதும் என்கிறார். மொத்தம் 41 பேர் வேலை செய்கிறார்கள், அதில் 22 பேர் களத்தில். வருஷ பட்ஜெட் 2.4 கோடி. வெளிநாட்டு நிதி 70 லட்சம், கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காகச் செலவிடும் சிஎஸ்ஆர் பணம் 90 லட்சம், மிச்சம் அரசுத் திட்டங்களும் எங்கள் பயிற்சி அரங்கின் வாடகையும்.

புது டைரக்டருக்கு விளம்பரம் கொடுத்தோம். வந்தவர்களில் ஒரு பெண் எங்கள் எல்லோருக்கும் பிடித்துப்போனது. பதினைந்து வருஷ அனுபவம், தமிழும் ஆங்கிலமும் நன்றாக எழுதுகிறார், கிராமத்தில் கூச்சமில்லாமல் தரையில் உட்கார்ந்து பேசுகிறார். எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டதற்கு மாதம் 1,10,000 என்றார். கூட்டத்தில் ஒரு நிமிஷம் ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்டது. ஏனென்றால் எங்கள் நிறுவனர் எடுத்துக்கொள்வது 18,000. அதுவும் ஆறு வருஷமாகத்தான், அதற்கு முன்பு 9,000. களப்பணியாளர்களுக்கு 12,500. ஒருங்கிணைப்பாளர்களுக்கு 16,000.

ஒரு டிரஸ்டி "இது கம்பெனி இல்லை, சேவை" என்கிறார். இன்னொருவர் "இந்தச் சம்பளம் கொடுக்காவிட்டால் இப்படி ஒரு ஆள் கிடைக்க மாட்டார்" என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சரியாகத்தான் படுகிறது, அதுதான் பிரச்சினை. இங்கே இந்தத் துறையில் இருப்பவர்கள் நிறையப் பேர் எழுதுகிறீர்கள். எந்தக் கணக்கை வைத்து முடிவு செய்வது?

கேள்விமன்னன்:
வெளிப்படையாகச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். நான் மாதாமாதம் ஒரு இல்லத்துக்கு 500 ரூபாய் அனுப்புகிறவன். அது பிள்ளைகளின் சாப்பாட்டுக்குப் போகும் என்று நம்பித்தான் அனுப்புகிறேன். 1,10,000 சம்பளம் என்றால் என்னைப் போல 220 பேர் சேர்ந்து ஒருத்தருக்குச் சம்பளம் கொடுக்கிறோம் என்று அர்த்தம். லட்சம் வேண்டுமென்றால் ஐ.டி. கம்பெனிக்குப் போகட்டுமே, யார் தடுத்தது? சேவை என்று சொல்லிவிட்டு மார்க்கெட் ரேட் கேட்பது எனக்கு ஒப்பவில்லை.

சைக்கிள்காரி:
கேள்விமன்னன் தம்பி, நான் 22 வயதில் ஒரு தொண்டு அமைப்பில் அனிமேட்டராக, அதாவது களப்பணியாளராக, சேர்ந்து 36 வயதில் விட்டவள். உங்கள் 500 ரூபாய் சாப்பாடாக மாறுவதற்கு நடுவில் யாரோ ஒருத்தி அரிசிக் கடையில் பேரம் பேசி, பஸ்ஸில் மூட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறாள் இல்லையா, அவளும் மதியம் சாப்பிட வேண்டும்.

லட்சக் கணக்கை விடுங்கள். மலையடிவாரம் சார், உங்களுடைய அந்த 12,500ஐக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். பி.எஃப். 12 சதவீதம், 1,500 போகும். இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 94 ரூபாய். கையில் 10,906. இப்போது எல்லா இடத்திலும் டூவீலர் இருந்தால்தான் களப்பணி வேலையே தருகிறார்கள். மாதம் மூவாயிரத்துக்குப் பெட்ரோல் போடுவாள், நீங்கள் பெட்ரோல் படி ஆயிரம் கொடுப்பீர்கள், சரியா? அப்போது 8,906. 26 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு 342 ரூபாய். நூறு நாள் வேலைக்கு 2025-26க்குத் தமிழ்நாட்டில் அறிவித்த கூலி 336. அந்த வேலைக்குப் போகிற பெண்களுக்கு உரிமைகளைப் பற்றிப் பயிற்சி கொடுக்கப் போகிறவள் வாங்குவது அவர்களைவிட ஆறு ரூபாய் அதிகம். (கூலி முழுசாக அவர்கள் கைக்கு வருகிறதா என்பது வேறு கதை.)

இதைப் பேசாமல் டைரக்டர் சம்பளத்தை மட்டும் பேசினால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

மலையடிவாரம்:
பெட்ரோல் படி 900, அக்கா. ஆயிரம்கூட இல்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

உப்பங்காற்று:
நான் நாகப்பட்டினம். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன், இந்தப் பேச்சுக்கு உதவும்.

சுனாமி வந்த சில வாரங்களில் எங்கெங்கிருந்தோ அமைப்புகள் வந்து இறங்கின. வாடகைக்கு வீடு கிடைக்காது, ஜீப் கிடைக்காது, ஆங்கிலத்தில் நாலு வரி ரிப்போர்ட் எழுதத் தெரிந்தவன் ராஜா. அப்போது நான் ஒரு சின்ன உள்ளூர் அமைப்பில் இருந்தேன், 3,200 சம்பளம். எங்கள் டிரைவரைப் பெரிய அமைப்பு ஒன்று மூன்று மடங்கு கொடுத்து அழைத்துக்கொண்டது. அடுத்து கணக்காளர். அடுத்து நான், ஏன் மறைக்க வேண்டும். மூன்று நாலு வருஷத்தில் வீடுகள் கட்டி முடித்தார்கள், பணம் வற்றியது, பெரிய அமைப்புகள் போர்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டன. எங்களுக்கோ பழைய சம்பளத்துக்குத் திரும்ப மனசு வரவில்லை, புதுச் சம்பளம் கொடுக்க ஊரில் யாரும் இல்லை. அந்த டிரைவர் இப்போது சொந்தமாக ஒரு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். நல்ல உள்ளூர் அமைப்புகள் இரண்டு மூன்று அந்த நாலு வருஷத்தில் ஆளில்லாமலேயே காலியாகிவிட்டன.

ஆனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பழைய செயலாளர் ஐந்தாயிரம் வாங்கிக்கொண்டு சைக்கிளில் வந்தவர். குப்பத்தில் அவர் சொன்னால் பஞ்சாயத்தார் கேட்பார்கள். காரில் வந்த பி.எம்.களை (புராஜெக்ட் மேனேஜர்களை) அவர்கள் "சார் வாங்க" என்று உட்கார வைத்து டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள், ஒரு விஷயத்தையும் சொல்ல மாட்டார்கள். அந்த மரியாதை அவருக்கு எதனால் கிடைத்தது? குறைந்த சம்பளமா, இருபது வருஷம் அங்கேயே கிடந்ததா? எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

பட்டறை:
நான் கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் ஹெச்.ஆர்., ஒரு பள்ளி டிரஸ்டிலும் இருக்கிறேன். தொழில்முறையாக ஒரு வார்த்தை.

எல்லோரும் "மார்க்கெட் ரேட்" என்று ஒரே மார்க்கெட் இருப்பதுபோலப் பேசுகிறோம். ஒவ்வொரு வேலைக்கும் வேறு வேறு சந்தை. உங்கள் கணக்காளர் விட்டுப் போனால் எங்கே போவார்? திண்டுக்கல்லில் ஒரு ஆடிட்டர் ஆபீசுக்கு, அல்லது ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு. டிரைவர் டிராவல்ஸுக்குப் போவார். களப்பணியாளர் எங்கே போகிறார் என்று உங்கள் ராஜினாமாக் கடிதங்களை எடுத்துப் பாருங்கள், முக்கால்வாசிப் பேர் மைக்ரோஃபைனான்ஸ் கம்பெனிக்கு வசூல் வேலைக்குப் போயிருப்பார்கள் என்பது என் ஊகம். டைரக்டருக்கோ சந்தையே சென்னை, பெங்களூர். ஆகவே மற்ற தொண்டு நிறுவனங்கள் என்ன கொடுக்கின்றன என்று மட்டும் கேட்டால் எல்லோரும் சேர்ந்து குறைவாகக் கொடுப்பதுதான் தெரியும். நாம் யாரிடம் ஆளை இழக்கிறோம், யாரிடமிருந்து ஆளை எடுக்கப் பார்க்கிறோம், இந்த இரண்டையும் பதவி பதவியாகக் கேளுங்கள்.

நிறுவனரின் 18,000 பற்றி ஒரு கேள்வி. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் வீட்டில் வேறு வருமானம் உண்டா?

மலையடிவாரம்:
பட்டறை சார், உங்கள் ஊகத்தைப் பார்த்துவிட்டு நேற்று ஆபீசுக்குப் போய் ஃபைலை எடுத்தேன். இரண்டு வருஷத்தில் 13 களப்பணியாளர்கள் போயிருக்கிறார்கள். 8 பேர் மைக்ரோஃபைனான்ஸ். இருவர் வேடசந்தூர் பக்கம் மில்லில் சூப்பர்வைசர். ஒருத்தி கல்யாணம் ஆகி வெளியூர் போய்விட்டாள். மற்ற இரண்டு பேர் காரணமே எழுதவில்லை. இதில் கொடுமை என்னவென்றால், கடன் வலையில் மாட்டாமல் இருப்பது எப்படி என்று குழுக்களுக்குச் சொல்லிக் கொடுத்த பிள்ளைகள் அதே குழுக்களிடம் திங்கட்கிழமை காலையில் தவணை வசூலிக்கப் போகிறார்கள்.

நிறுவனரின் மனைவி வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பென்ஷன் வருகிறது. வீடு டிரஸ்ட் வளாகத்துக்குள் இருக்கிறது, வாடகை இல்லை. ஜீப்பும் டிரஸ்டுடையது.

பட்டறை:
அப்படியானால் அவருடைய உண்மையான சம்பளம் 18,000 இல்லை சார். வீட்டு வாடகை, வண்டி, கூடவே அவர் வீட்டம்மாவின் வங்கிச் சம்பளம், எல்லாம் சேர்ந்துதான் டிரஸ்ட் முப்பது வருஷம் ஓடியிருக்கிறது. அம்மாதான் உங்கள் முதல் ஃபண்டர். அவர் பெயர் எந்த ஆண்டறிக்கையிலும் வந்திருக்காது. புதிதாக வருகிறவருக்கு அப்படி ஒரு துணை இருக்கும் என்று எதிர்பார்க்க முடியுமா? அதை எதிர்பார்த்தால் வீட்டில் வசதி உள்ளவர் மட்டும்தான் உங்கள் டைரக்டர் ஆக முடியும்.

சைக்கிள்காரி:
இதைத்தான் நான் 14 வருஷம் சொல்லத் தெரியாமல் தவித்தேன். எங்கள் சாருக்கும் குறைந்த சம்பளம்தான். சம்பள உயர்வு கேட்கப் போனால் "நானே எவ்வளவு வாங்குகிறேன் தெரியுமா" என்பார். வாய் அடைத்துப்போகும். மேலே இருப்பவர் தியாகி ஆகிவிட்டால் கீழே இருப்பவர்களும் தியாகி ஆகித்தான் தீர வேண்டும், அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை.

அப்புறம் இன்னொன்று, இதை யாரும் வெளியே பேசுவதில்லை. கையெழுத்து ஒரு தொகைக்கு, கையில் ஒரு தொகை. எங்கள் ஆபீசில் சம்பள நாள் எப்படி இருக்கும் என்றால், ஒரு மேஜை, ரெஜிஸ்டர், எச்சில் தொட்டு ஒட்டிய ரெவின்யூ ஸ்டாம்ப். ஸ்டாம்ப் மேல் 8,000க்குக் கையெழுத்து. பக்கத்து மேஜையில் நன்கொடை ரசீதுப் புத்தகம். அங்கே 2,500 நான் "மனமுவந்து" கொடுத்ததாக ரசீது எழுதித் தருவார்கள். கையில் 5,500. நிதி தரும் ஃபண்டர் 8,000 அனுமதித்திருக்கிறார், செலவில் ஒரு பங்கை உள்ளூரிலேயே திரட்டியதாகக் காட்ட வேண்டும், அதனால் எங்கள் சம்பளத்திலிருந்தே பங்களிப்பு. அந்த ரசீதுகளில் பத்துப் பன்னிரண்டு இன்னும் என் பீரோவில் இருக்கின்றன. நானும் ஒரு கொடையாளிதான், கேள்விமன்னன் தம்பி. உங்களைவிட அஞ்சு மடங்கு கொடுத்திருக்கிறேன்.

கேள்விமன்னன்:
அக்கா, எனக்கு இது சத்தியமாகத் தெரியாது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

பேரேடு:
ஆடிட்டராக இருக்கிறேன், டிரஸ்ட் கணக்குகள் நிறையப் பார்ப்பேன். சைக்கிள்காரி சொன்ன விஷயம் நிறைய இடத்தில் நடக்கிறது, ரசீது இருப்பதால் காகிதத்தில் எல்லாம் சுத்தமாகத் தெரியும். எவனோ ஒருவன் புகார் கொடுத்துவிட்டால் அன்றைக்கு நாறும்.

மலையடிவாரம் சாருக்கு, சட்டம் எங்கே வரும் என்று சொல்கிறேன். முதலில் வருமான வரி. பழைய 1961 சட்டத்தின் எண்ணைத்தான் சொல்கிறேன், புதுச் சட்டத்தில் எண்கள் மாறிவிட்டன. 13ஆம் பிரிவு. டிரஸ்டி, நிறுவனர், அவர்களுடைய சொந்தக்காரர்கள், பெரிய தொகை கொடுத்தவர்கள், இவர்களுக்குச் சம்பளம் கொடுக்கக் கூடாது என்று எங்கும் இல்லை. "நியாயமான அளவுக்கு மேல்" கொடுக்கக் கூடாது. நியாயம் எவ்வளவு என்று எண்ணில் எழுதவில்லை, அதனால் நீங்கள்தான் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். என்ன வேலை, என்ன தகுதி, அதே அளவுள்ள மற்ற இடங்களில் என்ன கொடுக்கிறார்கள், சம்பந்தப்பட்டவர் அந்தத் தீர்மானத்தின்போது அறையை விட்டு வெளியே போனாரா, இவ்வளவும் மினிட்ஸ் புத்தகத்தில் இருக்கட்டும். 2022க்குப் பிறகு மீறிக் கொடுத்த தொகைக்கு 30 சதவீத வரி, அதோடு அந்த மீறிய தொகை அளவுக்கே அபராதமும் விதிக்க முடியும், திரும்பச் செய்தால் இரண்டு மடங்கு. வெளியிலிருந்து வரும் டைரக்டர் யாருக்கும் சொந்தமில்லை என்றால் இந்தப் பிரிவு உங்களைக் கடிக்காது. நிறுவனரின் மகனையோ மருமகளையோ நியமித்தால்தான் கடிக்கும்.

இரண்டாவது எஃப்.சி.ஆர்.ஏ., வெளிநாட்டு நிதிக்கான சட்டம். 2020 செப்டம்பர் திருத்தத்துக்கு முன்பு வெளிநாட்டு நிதியில் 50 சதவீதம் வரை நிர்வாகச் செலவு செய்யலாம். இப்போது 20. உங்களுக்கு 70 லட்சம் என்றால் 14 லட்சம். டைரக்டர் மாதிரி நிர்வாகத்துக்கு எடுக்கும் ஆளின் சம்பளம் இதற்குள்தான் வரும், நிர்வாகக் குழுவினருக்குக் கொடுப்பது எதுவானாலும் இதற்குள்தான். ஆஸ்பத்திரி டாக்டர், பள்ளி ஆசிரியர் மாதிரி நேரடியாக நோக்கத்துக்கு வேலை செய்பவர்களின் சம்பளம் வராது. ஏற்கெனவே கணக்காளர், ஆடிட், ஆபீஸ் செலவு எல்லாம் போனால் உங்களுக்கு எவ்வளவு மிச்சம்?

மலையடிவாரம்:
9 லட்சம் போய்விடுகிறது. 5 லட்சம் மிச்சம்.

பேரேடு:
அப்படியென்றால் முழு டைரக்டர் சம்பளத்தையும் எஃப்.சி. கணக்கில் எழுதவே முடியாது. பாதிக்குமேல் மற்ற பணத்திலிருந்து வர வேண்டும். பணம் எங்கிருந்து என்று தெரியாமல் எவ்வளவு என்று தீர்மானிக்காதீர்கள். இன்னொன்று, செலவைக் குறைப்பதற்காக ஆட்களைக் கன்சல்டன்ட் என்று மாற்றி 10 சதவீதம் டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடித்துக் கொடுக்கும் வழியை யாராவது யோசனை சொல்வார்கள், அந்தப் பக்கம் போகாதீர்கள். தினமும் ஒன்பது மணிக்கு வந்து கையெழுத்துப் போடுபவர் கன்சல்டன்ட் இல்லை. தொண்டு என்றால் தொழிலாளர் சட்டம் வராது என்று நினைப்பவர்களுக்கு, 1978லேயே பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, பழைய தொழில் தகராறுச் சட்டத்தைப் பொறுத்தவரை, அந்தக் கதவைச் சாத்தியிருந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு தொண்டு அமைப்புகளை அந்த ஒரு சட்டத்திலிருந்து விலக்கினாலும், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் தனி. போனஸ் சட்டத்தில் மட்டும் லாப நோக்கமில்லாத அமைப்புகளுக்கு விலக்கு இருந்தது. அதையே பிடித்துக்கொண்டு பி.எஃப்.க்கும் விலக்கு உண்டு என்று என்னிடம் வாதாடியவர்கள் இருக்கிறார்கள்.

புரொபோசல்_புலி:
வேலையே ஃபண்டருக்கு எழுதுவதுதான், அதனால் இங்கே வாயைத் திறக்காமல் இருக்க முடியவில்லை.

மலையடிவாரம் ஐயா, உங்கள் சிஎஸ்ஆர் 90 லட்சத்தில் நிர்வாகத்துக்கு எவ்வளவு வருகிறது? கம்பெனிக்காரர் "5 சதவீதம்தான், சட்டம் அப்படி" என்று சொல்லியிருப்பார், பந்தயம் கட்டுகிறேன். சிஎஸ்ஆர் விதியில் 2021 ஜனவரியில் வந்த அந்த 5 சதவீதம் கம்பெனி தன் ஆபீசில் சிஎஸ்ஆர் பிரிவை நடத்த ஆகும் பொது நிர்வாகச் செலவுக்கு. திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க ஆகும் செலவு அந்தக் கணக்கிலேயே வராது. அமைப்பின் கழுத்தில் அதை மாட்டுவது யாரோ ஒருவர் ஆரம்பித்த பழக்கம், இப்போது எல்லோரும் சட்டம் என்று நம்புகிறோம், நாங்களும் வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறோம்.

2021இல் பிரிட்ஜ்ஸ்பான் என்ற, தொண்டு அமைப்புகளுக்கான ஆலோசனை நிறுவனம் நடத்திய ஆய்வில் நன்றாக நடக்கும் 40 அமைப்புகளின் கணக்கைப் பிரித்துப் பார்த்தார்கள். மறைமுகச் செலவு (ஆபீஸ், கணக்கு, நிர்வாகம் மாதிரி) 5 சதவீதத்திலிருந்து 51 சதவீதம் வரை, நடுமட்டம் 19. வேலையைப் பொறுத்து மாறும், ஒரே வாளியில் அளக்க முடியாது.

அதனால் நான் செய்வது இது. டைரக்டர் இந்தத் திட்டத்துக்கு மாதம் நாலு நாள் வேலை செய்கிறார் என்றால் அந்த நாலு நாளை பட்ஜெட்டில் தனி வரியாகப் போடுவேன், "திட்ட வழிகாட்டுதல்" என்று. டைம்ஷீட் உண்மையாக இருக்க வேண்டும், பொய் டைம்ஷீட் எழுதுவதற்கு நான் சொல்லித் தரவில்லை. களப்பணியாளர் வரியிலும் வெறும் சம்பளத்தைப் போட மாட்டேன். 12,500 என்றால் பி.எஃப்.க்கு நிறுவனம் கட்டும் பங்கு எல்லாம் சேர்த்து 13 சதவீதம், இ.எஸ்.ஐ. 3.25, கிராஜுவிட்டிக்கு (வேலையை விடும்போது தரும் பணிக்கொடை) ஒதுக்க 4.81. மொத்தம் 15,132. நிறையப் பேர் 12,500 என்று எழுதி அனுப்பிவிட்டு அப்புறம் அந்த 2,632ஐ எங்கிருந்து எடுப்பது என்று முழிக்கிறார்கள். கடைசியில் ஊழியர் சம்பளத்திலிருந்தே இரண்டு பக்கத்துப் பங்கையும் பிடித்த இடங்களும் எனக்குத் தெரியும்.

நியூஜெர்சி_நெல்லை:
தொண்டு அமைப்பில் வேலை செய்தவன் இல்லை, நன்கொடை கொடுக்கிறவன் மட்டும். இங்கே அமெரிக்காவில் வருமான வரித் துறைக்குத் தாக்கல் செய்கிற படிவம் 990இல் அமைப்பின் பொறுப்பாளர்கள் யார், யாருக்கு எவ்வளவு சம்பளம் என்று பெயர் போட்டு இருக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எங்கள் ஊர் உணவு வங்கிக்குக் கொடுப்பதற்கு முன்னால் நானே பார்ப்பேன். முதல் தடவை பார்த்தபோது கேள்விமன்னன் மாதிரிதான் கொதித்தேன். அப்புறம் அதே அளவு அமைப்புகள் நாலைந்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. சம்பளம் முறையாகத்தான் வைத்தார்கள் என்று ஏற்றுக்கொள்ள இங்கே மூன்று விஷயம் கேட்கிறார்கள்: சம்பந்தமில்லாத ஆட்கள் முடிவு செய்திருக்க வேண்டும், ஒப்பிடத்தக்க இடங்களின் விவரம் கையில் இருந்திருக்க வேண்டும், முடிவு செய்த காரணத்தை அப்போதே எழுதியிருக்க வேண்டும். வருமானம் பத்து லட்சம் டாலருக்குக் கீழே உள்ள அமைப்பு என்றால் மூன்று இடத்து விவரம் போதும்.

நம் ஊரிலும் இப்படிப் போட்டால் என்ன?

பேரேடு:
போடுகிறவர்கள் போடுகிறார்கள். கிரெடிபிலிட்டி அலையன்ஸ் என்ற தொண்டு அமைப்புகளின் கூட்டமைப்பு வகுத்த நெறிமுறைப்படி நடப்பவர்களின் ஆண்டறிக்கையில் கடைசிப் பக்கங்களில் ஒரு அட்டவணை இருக்கும், எந்தச் சம்பள அடுக்கில் எத்தனை ஆண், எத்தனை பெண் என்று. தலைமைப் பொறுப்பில் இருப்பவருக்கு எவ்வளவு, மிகக் குறைந்த சம்பளம் எவ்வளவு என்றும் இருக்கும். அந்த அட்டவணைகளை இணையத்தில் எடுத்து வைத்துக்கொண்டாலே மலையடிவாரம் சாருக்கு ஒப்பீடு கிடைத்துவிடும், காசு செலவில்லை. பெண்கள் எல்லாம் கீழ் இரண்டு அடுக்கில் குவிந்திருப்பதையும் அப்படியே பார்ப்பார்.

உப்பங்காற்று:
மலையடிவாரம் சார், அந்தப் பெண் ஏன் 1,10,000 கேட்டார் என்று கேட்டீர்களா? நாம் பாட்டுக்கு அவர் தலையை உருட்டிக்கொண்டிருக்கிறோம்.

மலையடிவாரம்:
கேட்கவில்லை. கேட்டுவிட்டு வருகிறேன்.

மலையடிவாரம் (மூன்று வாரம் கழித்து):
எல்லோருக்கும் நன்றி. என்ன நடந்தது என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

போன் செய்து கேட்டேன். இப்போது வாங்குவது 95,000, பெங்களூரில். அம்மா அப்பா இருவரும் அவரோடு இருக்கிறார்கள், அப்பாவுக்கு டயாலிசிஸ். திண்டுக்கல்லுக்கு வந்தால் வாடகை குறையும் என்பது அவருக்கும் தெரியும். "சார், முதலில் குறைத்துக் கேட்டால் அதிலிருந்தும் குறைப்பீர்கள் என்றுதான் ஏற்றிக் கேட்டேன்" என்று சிரித்தார். அடுத்து அவர் கேட்டது, "உங்கள் களப்பணியாளர்களுக்கு எவ்வளவு?" சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அந்தச் சம்பளத்தோடு நான் வந்தால் முதல் நாளே எனக்கும் அவர்களுக்கும் நடுவில் சுவர் எழும்பிவிடும்" என்றார்.

பயிற்சி அரங்கில் ஒரு முழு நாள் உட்கார்ந்தோம். பேரேடு சார் சொன்னபடி ஏழு அமைப்புகளின் அட்டவணைகளை அச்செடுத்துப் போயிருந்தேன். கீழிருந்து ஆரம்பித்தோம், அதை மட்டும் நான் பிடிவாதமாக நின்று செய்ய வைத்தேன். களப்பணியாளருக்கு 15,500 என்று குறித்தோம், மைக்ரோஃபைனான்ஸ்காரர்களோடு அதற்குமேல் மல்லுக்கட்ட முடியாது. ஒரேயடியாக ஏற்றினால் பி.எஃப். வகையறா எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 9.6 லட்சம் கூடுகிறது, அந்தப் பணம் இல்லை. அதனால் இந்த ஏப்ரலில் 14,000, அடுத்த ஏப்ரலில் 15,500. முதல் படிக்கு 4.8 லட்சம், அரங்கு வாடகையிலிருந்து. பெட்ரோல் படி இனி கிலோமீட்டர் கணக்கு. டைரக்டருக்கு 85,000. வளாகத்து வீடு அவருக்குக் கிடையாது, அதில் நிறுவனர் தொடர்ந்து இருக்கட்டும் என்று முடிவாயிற்று. (இது சரியா என்று எனக்கு இன்னும் உறுத்தல்தான். பேரேடு சார் முறைக்கப் போகிறார்.) அடுத்த வருஷம் 15,500 வந்ததும் மேலுக்கும் கீழுக்கும் ஐந்தரை மடங்கு. அதைத் தாண்டக் கூடாது என்று மினிட்ஸில் எழுதினோம். ஒருங்கிணைப்பாளர்களின் 16,000 அப்படியே நிற்கிறது. களப்பணியாளரைவிட 500 ரூபாய்தான் அதிகம் என்றால் யார் அந்தத் தலைவலியை எடுத்துக்கொள்வார்கள்? அடுத்த கூட்டத்துக்குத் தள்ளியிருக்கிறோம்.

சிஎஸ்ஆர் கம்பெனிக்குப் புரொபோசல்_புலி சொன்னபடி விதியை எடுத்துக்காட்டிக் கடிதம் எழுதினோம். ஒரு கம்பெனி ஒத்துக்கொண்டது. இன்னொன்று "எங்கள் பாலிசி இப்படித்தான்" என்று ஒரு வரியில் பதில் போட்டது.

எல்லாம் முடிந்து காபி வந்தபோது நிறுவனர் கேட்டார், "அப்போ முப்பத்தி நாலு வருஷமா நான்தான் எல்லார் சம்பளத்தையும் அமுக்கி வச்சிருந்தேனா?" யாரும் பதில் சொல்லவில்லை. அவர் மனைவி மட்டும் டம்ளரை எடுத்துக்கொண்டே, "என் சம்பளத்தையும் சேர்த்துத்தான்" என்றார். சண்டையாகச் சொல்லவில்லை. ஆனாலும் நிறுவனர் அன்று மாலை நடைக்கு வரவில்லை.

பேரேடு:
முறைக்கிறேன் சார். அந்த வீட்டுக்கு எழுத்தில் ஒரு ஒப்பந்தம் போடுங்கள், எத்தனை வருஷம், என்ன காரணம் என்று. இல்லாவிட்டால் மேலே சொன்ன 13ஆம் பிரிவு அந்த வீட்டு வாசலில்தான் வந்து நிற்கும்.

சைக்கிள்காரி:
மலையடிவாரம் சார், சந்தோஷம். பேரேடு சாருக்கு ஒரு கேள்வி. புரொபோசல்_புலி 4.81 சதவீதம் கிராஜுவிட்டி என்று எழுதியதைப் படித்ததிலிருந்து தூக்கம் வரவில்லை. நான் 2019இல் விட்டேன், கடைசிச் சம்பளம் 9,500. எனக்கு அப்படி எதுவும் கொடுக்கவில்லை, இருக்கிறது என்றே யாரும் சொல்லவில்லை. இனிமேல் கேட்க முடியுமா?

பேரேடு:
பத்துப் பேருக்குமேல் இருந்த அமைப்புதானே? அப்படியென்றால் 1972 சட்டப்படி உங்களுக்கு உண்டு, நீங்கள் விட்ட வருஷத்துக்கு அந்தச் சட்டம்தான். 30 நாளுக்குள் கேட்க வேண்டும் என்று இருக்கிறது, ஆனால் தாமதம் என்ற ஒரே காரணத்துக்காகக் கோரிக்கை செல்லாமல் போகாது. 9,500ஐ 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கி, 14 வருஷத்தால் பெருக்குங்கள். 76,731 வருகிறது. கடைசி வருஷம் முழுசாக இல்லாவிட்டாலும் 6 மாதத்துக்குமேல் இருந்தால் முழு வருஷமாகத்தான் கணக்கு. படிவத்தை நிரப்பி நேரில் கொடுங்கள், நகலில் சீல் வாங்காமல் திரும்பி வராதீர்கள். கொடுக்க மறுத்தால் தொழிலாளர் துறைக்குப் போகலாம்.

சைக்கிள்காரி:
இன்று போய்க் கொடுத்தேன். அதே மேஜை, மேலே கண்ணாடி மட்டும் புதுசு. பழைய சார் இல்லை, அவர் மகன் இருக்கிறார். உட்காரச் சொன்னார், யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டார், நானே எழுதினேன் என்றேன். கணக்காளர் ரெஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "14 வருஷம் இல்லையே அக்கா, 13 வருஷம் 8 மாசம்தானே" என்றார். போனை எடுத்து பேரேடு சார் எழுதிய வரியைப் பெரிசாக்கிக் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். அப்புறம் டிராயரைத் திறந்து சீலைத் தேடினார்.